காசு விழற சத்தத்த கேட்டுட்டு பேஃபோன் வாங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல பழைய பொருள்கள வச்சு வீட்ட அழகு பண்றது எப்படின்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. அதுல ஒரு பழைய பேஃபோனோட, அதாவது காசு போட்டு பேசற பொது போனோட, வயித்த கிழிச்சு உள்ள இருந்ததெல்லாம் எடுத்துட்டு பல்பு மாட்டி விளக்கா ஆக்கியிருந்த போட்டோ இருந்துச்சு, அத பார்த்ததுல இருந்து மனசே சரியில்ல, அதான் எழுதறேன். பத்து பன்னெண்டு வருஷமா இந்த போன்கள தேடித் தேடி சேர்க்கறவன் நான். அந்த பக்கத்த படிச்சுட்டு நாமளும் ஒண்ணு வாங்கலாமேன்னு கிளம்பறவங்க இருப்பாங்க, அவங்க இத படிச்சுட்டு வாங்கினா நல்லது.

போட்டோல இருந்தது அமெரிக்காவோட மூணு ஸ்லாட் போன். மேல 5, 10, 25 சென்ட்டுக்கு தனித்தனி துளை, கீழ காசுப் பெட்டி. 1960-கள் நடுவுல ஒத்த ஸ்லாட் மாடல் வர்ற வரைக்கும் அங்க தெருவுல, கடைகள்ல எல்லாம் இதுதான். இதுக்குள்ள காசு உருண்டு போற பாதையில மணி வச்சிருப்பாங்க. 5 சென்ட் போட்டா மணிய ஒரு தடவ தட்டும், 10 சென்ட் அதே மணிய ரெண்டு தடவ தட்டும், 25 சென்ட் மட்டும் வேற ஒரு மணியில விழுந்து கனமா ஒரு நாதம் கொடுக்கும். தூரத்து ஊருக்கு கால் போடறப்ப எக்ஸ்சேஞ்ச்ல உட்கார்ந்திருக்கற ஆபரேட்டர் இந்த சத்தத்த காதால கேட்டே எவ்வளவு காசு விழுந்துச்சுன்னு கணக்கு எடுத்துக்குவாங்க. எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு பொட்டு கிடையாது, உருளற காசும் ரெண்டு மணியும் ஒரு மனுஷக் காதும் சேர்ந்து செஞ்ச வேலை அது.

மணிய தாண்டின காசு நேரா பெட்டிக்கும் போகாது. ஹாப்பர்னு சொல்ற ஒரு சின்ன தொட்டியில போய் காத்திருக்கும். கால் கெடச்சு பேசினா எக்ஸ்சேஞ்ச்ல இருந்து சுமார் 130 வோல்ட் டிசி வரும், ரிலேன்னு சொல்ற காந்த சுவிட்ச் இழுத்து காச பெட்டி பக்கம் தள்ளிடும். யாரும் எடுக்கலன்னா அதே வோல்டேஜ் பிளஸ் மைனஸ் மாறி வரும், காசு திரும்பி கீழ இருக்கற குழிக்குள்ள வந்து விழும், எடுத்துட்டு போயிடலாம். இத முதல் தடவ கண்ணால பார்த்தன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அந்த விளக்குக்காரர் குப்பையில போட்டது இந்த மணியையும் ஹாப்பரையும் ரிலேவையும்தான்.

அதனால வாங்கறவங்க மொதல்ல கேட்க வேண்டியது சாவி. மேல் மூடிக்கு ஒரு பூட்டு, காசுப் பெட்டி கதவுக்கு வேற பூட்டு, ரெண்டுக்கும் சாவி வேற. ரிப்பேர் பண்ண வர்றவர் கிட்ட மேல் சாவி இருக்கும், காசு எடுக்க வர்றவர் கிட்ட கீழ் சாவி இருக்கும், அதனாலதான் இன்னைக்கு ஒண்ணு கெடச்சா இன்னொண்ணு கிடைக்கறதில்ல. ஒத்த ஸ்லாட் மாடல்னா மேல் மூடிய கழட்ட டி வடிவத்துல ஒரு தனி சாவியும் வேணும். நான் ரெண்டாவதா வாங்கின போனுக்கு சாவி இல்ல, வித்தவர் அதெல்லாம் பூட்டுக்காரர் ரெண்டு நிமிஷத்துல தொறந்துடுவார்னு சொன்னார், நானும் நம்பி ஒருத்தர கூட்டிட்டு வந்தேன், அவர் டிரில்ல வச்சு அழுத்தின அழுத்துல பூட்டு போச்சு, கதவு விளிம்பு நெளிஞ்சுது, இரும்புத் தூள் எல்லாம் உள்ள இருந்த ரிலே மேல கொட்டிடுச்சு. அந்த தூள ஒரு பிரஷ்ஷ வச்சு எடுக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு, ரிலே இன்னும் சில சமயம் ஒட்டிக்குது. சாவி இல்லாத போன வாங்கவே கூடாதுன்னு சொல்லல. பொறுமையா பூட்டு மாடல் பார்த்து பழைய சாவி தேடலாம், டிரில்ல மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க.

அடுத்து, தூக்கிப் பாருங்க. ஒத்த ஸ்லாட் போன் சுமார் 20 கிலோ வரும், மூணு ஸ்லாட்டும் கைய இழுக்கும். ஒரு கையில ஈஸியா தூக்க முடியுது, டயல் மாதிரி வட்டமா இருக்கு ஆனா அமுக்கற பட்டன்னு இருந்தா அது அலங்காரத்துக்கு புதுசா செஞ்சது. பளபளன்னு குரோம் பூசினதும் வரும், மூணு ஸ்லாட் போன்கள் பெரும்பாலும் கருப்பு எனாமல்ல வந்தது, முழுசா குரோம்னா அது பெரும்பாலும் பின்னாடி விக்கறவங்க போட்டது. ஒரு காச போட்டு மணி சத்தம் வருதான்னு கேளுங்க, அது வந்தாலே பாதி பயம் போயிடும். கீறல் இருந்தா இருக்கட்டும், எத்தனையோ பேர் காச வச்சு தட்டின இடம் அது, அது மேல பெயிண்ட் அடிக்க எனக்கு மனசு வராது.

வீட்டு லைன்ல மாட்டி பேசணும்னு நெனைக்கறவங்களுக்கு ஒண்ணு. பழைய மாடல்கள் சிலதுல பெல்லும் காயிலும் சுவத்துல தனிப் பெட்டியா இருந்துச்சு, போன் மட்டும் வாங்கினா வேலை செய்யாது. டயல் சுத்தினா நம்பர் பல்ஸ்ல, அதாவது விட்டு விட்டு வர்ற துடிப்பா போகும், இப்ப இருக்கற மோடம் நிறைய அத புரிஞ்சுக்காது, நடுவுல ஒரு கன்வர்ட்டர் போடணும். வீட்டு லைன்ல அந்த 130 வோல்ட் வராது, அதனால ஹாப்பர்ல காசு அப்படியே கிடக்கும். இதுக்காக சில பேர் ரிலேவ வெட்டி எடுத்துடறாங்க. வெட்டாதீங்க, வயர கழட்டி டேப் சுத்தி பேர் எழுதி ஓரமா வச்சா நாளைக்கு வேற ஒருத்தர் திரும்ப மாட்டலாம். எக்ஸ்சேஞ்ச் மாதிரியே அந்த வோல்டேஜ் கொடுக்கற சின்ன பெட்டிய ஆர்வலர்கள் செஞ்சிருக்காங்க, விஷயம் தெரிஞ்சவர பக்கத்துல வச்சுக்கிட்டு செய்யுங்க, 130 வோல்ட் விளையாட்டு இல்ல.

எங்க இருந்து வந்த போன்னும் கேளுங்க. இதெல்லாம் கம்பெனி சொத்தா இருந்தது, சுவத்துல இருந்து பிடுங்கிட்டு போனதும் உண்டு. அமெரிக்காவோட பெரிய டெலிபோன் கம்பெனி ஏடி அண்ட் டி 2007-ல இந்த தொழில விட்டு வெளிய வர்றதா அறிவிச்சுது, அந்த மாதிரி நேரத்துல நேர்மையாவும் நிறைய வெளிய வந்திருக்கு, ஒரு ரசீது இருந்தா நிம்மதி.

அமெரிக்க மாடல் மட்டும்தான்னு இல்ல. பிரிட்டன்ல 1925-ல வந்த ஏ பட்டன் பி பட்டன் போன் எனக்கு இன்னும் பிடிக்கும், காச போட்டு டயல் பண்ணி எதிர்ல குரல் கேட்டதும் ஏ அமுக்கணும், அப்பதான் நம்ம குரல் அவங்களுக்கு போகும், யாரும் எடுக்கலன்னா பி அமுக்கினா காசு திரும்பி வரும். அந்த ரெண்டு பட்டனும் சேர்ந்து இருக்கறத பார்த்து வாங்குங்க.

1889-ல வில்லியம் கிரேங்கறவர் அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்ட் நகரத்து பேங்க்ல வச்ச காசு போன்ல ஆரம்பிச்ச கதை இது. நியூயார்க் மாநகரம் தன்னோட கடைசி பொது பேஃபோன 2022 மே மாசம் பிடுங்கி மியூசியத்துக்கு கொடுத்துச்சு. இனிமே புதுசா ஒண்ணும் வரப்போறதில்ல, இருக்கறதுல ஒண்ண உடைச்சா ஒண்ணு கொறையும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வாசகர்கள்ல எக்ஸ்சேஞ்ச்ல, காசு போன் ரிப்பேர்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்க இருப்பாங்க. அவங்க டூல் பையில பழைய சாவி கிடந்தா இரும்புக்கு போட்டுட வேண்டாம்னு சொல்லுங்க. ரிலேல எவ்வளவு இடைவெளி வச்சாங்க, ஒட்டிக்கிட்டா என்ன பண்ணாங்கன்னு கைப்பட எழுதி அனுப்பினா ஒரு ஓரத்துலயாவது போடுங்க, என் ரெண்டாவது போன் அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்