பைபாஸ் இரவுகளில் கைகொடுத்தவர்களுக்கு

வணக்கம். சிங்கப்பூரில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் தமிழ்த் தாதியர் சிலர் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது.

முதல் நன்றி, தீபாவளி விடுமுறையிலும் இரவுப் பணிக்கு வந்த ஆய்வுக்கூடத்தாருக்கு. பைபாஸ் அறுவை முடிந்தால் யாருக்கும் ரத்தத்தில் டிரோபோனின் (இதயத் தசை நொந்தால் கசியும் புரதம்) ஏறத்தான் செய்யும். மகாதமனியைக் கவ்வியால் அடைத்து, இதயத்தை நிறுத்தித் தைக்கும்போது தசை கொஞ்சமாவது நோகும். 13,862 பேரைக் கொண்டு 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், பைபாஸ் அல்லது மகாதமனி வால்வு மாற்றுக்குப் பின் முதல் நாளில் 30 நாள் மரண அபாயத்தோடு தொடர்புபட்ட அளவு லிட்டருக்கு 5,670 நானோகிராம். வழக்கமான உச்சவரம்பைப் போல் 218 மடங்கு! அதனால் ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறக் கூடாது. அறுவைக்கு முன் ஒன்று, பிறகு 6, 12, 24, 48 மணி நேரத்தில் என்று எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். எல்லா ரத்த மாதிரிகளையும் ஒரே வகைக் கருவியில் ஓட்டினீர்கள். கருவி மாறினால் டிரோபோனின் ஐ (I) என்ற வகையின் எண்களை ஒப்பிடவே முடியாது. பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) சிவந்திருந்தால், "ரத்த அணு உடைஞ்சிருக்கு சிஸ்டர், மறுபடி எடுத்து அனுப்புங்க" என்று உடனே போன் செய்தீர்கள். அந்தப் போனுக்குத் தனி நன்றி.

இசிஜி எடுப்பவர்களே, முதல் நாளே மார்பில் மார்க்கரால் புள்ளி வைத்தீர்கள். கட்டும் வடிகுழாயும் இருக்கும் மார்பில் மின்வாய் ஒரு விரல் தள்ளிப்போனாலும் புது மாற்றம் போலத் தெரியும். இசிஜி கோட்டில் எஸ்டி எனும் பகுதி எங்கும் பரவலாக உயர்ந்திருந்தால் பெரும்பாலும் இதய உறை அழற்சி. ஒரே பகுதியில் உயர்ந்தால் ஒட்டுக்குழாய் (பைபாஸில் தைத்த மாற்றுக் குழாய்) அடைத்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். பேஸிங் (கருவியால் இதயத்தைத் துடிக்க வைப்பது) ஓடும்போது இந்த மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும்.

அறுவை அரங்கில் ஒவ்வொரு ஒட்டுக்குழாயிலும் ஓட்டத்தை அளந்தவர்களுக்கும் நன்றி. நிமிடத்துக்கு 20 மில்லிக்குக் கீழே, துடிப்புக் குறியீடு (ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டும் எண்) 5க்கு மேலே என்றால் மார்பை மூடும் முன்பே முறுக்கல், தையல் இரண்டையும் மறுபடி பார்த்தீர்கள். நள்ளிரவில் எக்கோ (இதய ஸ்கேன்) கருவியைத் தள்ளிக்கொண்டு வந்த மருத்துவர்களே, மாரடைப்புக்கான 2018 பன்னாட்டு வரையறைப்படி, தொடக்கத்தில் இயல்பாக இருந்த டிரோபோனின் 48 மணி நேரத்துக்குள் உச்சவரம்பைப் போல் 10 மடங்கைத் தாண்டினால் மட்டும் மாரடைப்பு ஆகாது. இசிஜியில் தசை இறந்ததைக் காட்டும் புதிய கியூ அலையோ, ஆஞ்சியோவில் (ரத்தக்குழாய்ப் படம்) புதிய அடைப்போ, எக்கோ போன்ற படத்தில் புதிதாகத் தசை இழப்போ வேண்டும். அந்தச் சான்றைத் தேடித் தந்தவர்கள் நீங்கள்.

"எண் ஏறியிருக்கு" என்றதும் கலங்கிப்போன குடும்பத்தாருக்கு இதையெல்லாம் பொறுமையாகத் தமிழில் எடுத்துச் சொன்ன தொண்டூழியர்களுக்கும், அதிகாலை 4 மணிக்கு ரத்தக் குழாய்களைக் கையில் ஏந்தி ஓடிய அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.