அன்றாட வாழ்வில் ஆண்டவரின் அன்பு: பெற்றோருக்குத் தலைமையாசிரியையின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்க்கும், பேரப்பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கு அழைத்துவரும் தாத்தா பாட்டிமார்க்கும் வணக்கம்.

சென்ற வாரம் நான்காம் வகுப்பின் நன்னெறிப் பாடவேளையில், ஆண்டவர் தங்கள் குடும்பத்துக்குச் செய்த ஒரு நன்மையைச் சொல்லுமாறு பிள்ளைகளைக் கேட்டேன். விபத்தில் அடிபட்ட தன் தகப்பனார் பிழைத்து வந்ததை ஒருவன் சொன்னான். தன் அக்காவுக்கு வேலை கிடைத்ததை இன்னொருத்தி சொன்னாள். அப்போது கடைசி வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து, "எங்க அப்பாவுக்காகவும் நாங்க ஜெபம் பண்ணினோமே டீச்சர், அவங்க பிழைக்கலையே, அப்போ ஆண்டவருக்கு எங்க மேல அன்பு இல்லையா?" என்று கேட்டாள். இருபத்தேழு ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. அவளை அழைத்து என் அருகில் உட்காரவைத்துக்கொண்டேன். அவளுடைய தாயாரின் அனுமதியோடுதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

பிழை என் கேள்வியில் இருந்தது என்பதை அன்றிரவு உணர்ந்தேன். சாட்சி சொல்லும்போதும் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கும்போதும் நோய் நீங்கியதையும், கடன் தீர்ந்ததையும், தேர்வில் வென்றதையும் மட்டுமே நாம் பேசிப் பழகிவிட்டோம். அதைக் கேட்டு வளரும் பிள்ளை, நல்லது நடந்த வீடுகளை மட்டுமே ஆண்டவர் நேசிக்கிறார் என்று எண்ணிக்கொள்கிறது. கேட்டது கிடைக்காத வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய பாரம்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் உயிரிழந்தவர்கள் உண்டு; ஆகவே நம் வீடு தப்பியதை மட்டும் காட்டி, இதுவே ஆண்டவரின் அன்பு என்று பிள்ளைகளிடம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனபோது, புதுக்குடி மக்கள் தாங்களே வெள்ளத்தால் சூழப்பட்டிருந்தும், வீட்டிலிருந்த அரிசி பருப்பைக் கொண்டுவந்து, முன்பின் அறியாதவர்களுக்குச் சமைத்துப் போட்டார்களே, அந்தச் சோற்றைக் காட்டி என்னால் தயக்கமின்றிச் சொல்ல முடியும்.

அத்தகைய சோறு வெள்ள நாளில் மட்டும் வருவதன்று. கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் 2024 ஜூலையில் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டதிலிருந்து, நம் பிள்ளைகள் காலையில் சூடாகச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள். அது அரசின் திட்டம், பிள்ளைகளின் உரிமை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், தன் வீட்டு அடுப்பைப் பற்றவைக்குமுன் இங்கே வந்து பொங்கலைக் கிளறும் சமையற்கார அக்காவின் கைகளில் நான் ஆண்டவரைக் காண்கிறேன். காமராசர் காலத்து மதிய உணவை உண்டு படித்த தாத்தாக்கள் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். விடியற்காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பனையேறி இறங்கும் தகப்பனின் காய்ப்புக் காய்த்த நெஞ்சையும், உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் காணிக்கைக் கலயத்தில் இடும் பாட்டியின் கையையும் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அந்தப் பிடியரிசி எதற்காக என்று அவர்களுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இரவில் பிள்ளை தூங்குமுன், "இன்றைக்கு உனக்கு அன்பாக இருந்தது யார்?" என்று மட்டும் கேளுங்கள். ஆண்டவரை எந்தப் பெயரால் அழைக்கும் வீடாயினும் இதைக் கேட்கலாம். எழுதிவர வேண்டியதில்லை; இதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. பதிலைத் திருத்தவோ, உடனே ஒரு வசனத்தைச் சேர்த்துச் சொல்லவோ வேண்டாம். "யாருமில்லை" என்று பிள்ளை சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள். அதே பதில் தொடர்ந்து சில நாள் வந்தால் வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ அவசியம் தெரிவியுங்கள். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் ஏதோ ஒரு குறை வைத்திருக்கிறோம் என்பதை எங்களுக்கு உணர்த்தும் செய்தி அது.

அந்தச் சிறுமியிடமும் திங்கட்கிழமை இதையே கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, அம்மா இருட்டோடு உப்பளத்துக்குப் போய்விடுவதால் பக்கத்து வீட்டு அத்தைதான் தினமும் தனக்குத் தலை பின்னிவிடுகிறார் என்றாள். அவள் முதலில் கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கேள்வியை அவளோடு சேர்ந்து நானும் சுமக்கிறேன்.

அவள் அம்மாவைப் போல விடியுமுன் வேலைக்குச் செல்பவர்கள், மாலையில் பிள்ளையின் முகம் கழுவிவிடும்போதோ சோறு பிசைந்து ஊட்டும்போதோ கேட்டாலும் போதும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகள் சொன்ன பதில்களை நீங்கள் சொல்லக் கேட்க ஆவலாயிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியை