வோல்டா தெரு வீட்டின் வயது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழ் பயணக் கட்டுரையில் பாரிஸ் வோல்டா தெரு 3ஆம் எண் வீட்டின் படத்தைப் போட்டு, 'நகரத்திலேயே பழைய வீடு, கி.பி. 1300' என்று எழுதியிருந்தீர்கள். கட்டுரையாளரைக் குறை சொல்ல மாட்டேன். பாரிஸ்காரர்களே வெகுகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். மரச்சட்டங்கள் வெளியே தெரிகிற ஒடுக்கமான வீடு, வேறெப்படித் தோன்றும்? ஆனால் 1979இல் ஆராய்ந்தபோது, 1644க்கும் 1654க்கும் இடையில் கட்டியது என்று தெரிந்துவிட்டது. ஒரே நாளில் முன்னூற்றைம்பது வயது குறைந்த வீடு!

இதில் வேடிக்கை, தெருவைப் பார்த்து மரச்சட்டச் சுவர் எழுப்பக் கூடாது என்று பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றி 1607லேயே ஆணை போட்டிருந்தார். ஆணை போட்டதும் எல்லாரும் கேட்டுவிடுவார்களா என்ன? அப்புறம் 1667இல், தீக்குப் பயந்து, மரம் தெரியாமல் சாந்து பூசச் சொல்லி இன்னொரு உத்தரவு வந்தது. அதனால்தான் இங்கே நிஜமான மரவீடுகள் பல, கல்வீடு போல வேஷம் கட்டி நிற்கின்றன. பிரான்சுவா மிரோன் தெருவின் 11, 13ஆம் எண் வீடுகளில் இன்று காணும் மரச்சட்டங்கள் 1960களின் திருத்த வேலையில்தான் வெளியே வந்தன.

நான் லா சப்பலில் குடியிருக்கிறேன், கட்டட வேலைதான் தொழில். ஒருமுறை நகரின் பழைய பகுதியான மரேயில் மாடி அறையொன்றில் ஊறிப்போன சாந்தைக் கொத்தினோம். உள்ளே ரீப்பர், கையால் அடித்த ஆணி, அதற்குப் பின்னால் கறுத்த ஓக் கட்டைகள். மூட்டுக்கு மூட்டு உளியால் கீறிய கோடுகள்: இரண்டு, மூன்று, நான்கு. சட்டத்தைக் கீழே வைத்துப் பூட்டிப் பார்த்துவிட்டு, கழற்றி மேலே ஏற்றும்போது எது எதோடு சேரும் என்று தச்சர் போட்டுவைத்த எண்கள். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கவே மனம் வரவில்லை.

சரி, எது பழைய வீடு? மொன்மொரான்சி தெரு 51, அந்தக் காலத்து எழுத்தர் நிக்கொலா ஃபிளமெல் கட்டுவித்தது. முகப்பு கல். வீட்டில் குடியிருக்கும் உழைப்பாளிகள் இறந்துபோன பாவிகளுக்காகத் தினமும் ஜெபம் சொல்ல வேண்டும் என்று அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். 1407 என்ற ஆண்டும் அந்த எழுத்திலேயே இருக்கிறது. வோல்டா தெருவிலிருந்து பத்து நிமிட நடைதான். அடுத்த முறை உங்கள் கட்டுரையாளர் அங்கேயும் ஒரு படம் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாரிஸ்