நின்றுபோன ரைபோசோமை விடுவிப்பது யார்?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. புரதம் கட்டும் ரைபோசோம் நின்றுபோனால் அதை விடுவிக்கும் பாக்டீரியாவின் டிஎம்ஆர்என்ஏ மனித மைட்டோகாண்ட்ரியாவில் இல்லையே, அங்கே அதை யார் விடுவிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். அது எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது.

ரைபோசோம் படிக்கும் எம்ஆர்என்ஏ இழை தீர்ந்துபோய் நின்றால் ஐசிடி1 என்ற புரதம். இந்த நிலை அங்கே எளிதில் வரும். பல எம்ஆர்என்ஏக்கள் வெறும் யு அல்லது யுஏ எழுத்துகளில் முடிகின்றன. ஏ எழுத்துகளாலான பாலி-ஏ வால் சேர்ந்தால்தான் யுஏஏ என்ற நிறுத்தக்குறி முழுமையாகும். குறி இல்லாத இழையின் நுனியில் ரைபோசோம் நிற்கும்போது, ஐசிடி1-இன் வால் காலியான எம்ஆர்என்ஏ தடத்துக்குள் போய் உட்காரும். அதன் ஜிஜிகியூ என்ற மூன்று அமினோ அமிலப் பகுதி, அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டிஆர்என்ஏவையும் புதிய புரதச் சங்கிலியையும் இணைக்கும் எஸ்டர் பிணைப்பை நீரால் வெட்டும். ஐசிடி1 ரைபோசோமின் பெரிய துணையலகின் நிரந்தர உறுப்பும்கூட. ஆனால் அந்தப் பிரதி, டிஆர்என்ஏ வந்து அமரும் ஏ-தளத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. மீட்பது தனியாக வரும் பிரதி. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

நடுவழியில் நின்றால் கதை வேறு. தடத்தில் எம்ஆர்என்ஏ நீண்டு கிடப்பதால் அந்த வாலுக்கு இடமில்லை. எஸ்எச்எம்டி2 என்ற நொதி இல்லாத செல்லில் இது தெளிவாகத் தெரியும்: குறியின் மூன்றாம் எழுத்தைப் படிக்கும், டிஆர்என்ஏவின் ‘தள்ளாடும் இடத்தில்’ டாரின் சேர்ந்த மாற்றம் குறைந்து, லூசினின் யுயுஜி, லைசினின் ஏஏஜி குறிகளில் ரைபோசோம் தேங்கும். இப்படி நடுவில் தேங்கிய 55எஸ் ரைபோசோம் 28எஸ் (சிறியது), 39எஸ் (பெரியது) என்ற துணையலகுகளாகப் பிரிந்தாலும், புதிய சங்கிலி டிஆர்என்ஏவோடு 39எஸ்-இல் மாட்டிக்கொண்டிருக்கும். அதை சி12ஓஆர்எஃப்65, எம்டிஆர்இஎஸ்1 என்ற புரத ஜோடி விடுவிப்பதை 2020-இல் வெளியான உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் காட்டின. சி12ஓஆர்எஃப்65-க்கும் ஜிஜிகியூ உண்டு, ஆனால் குறி படிக்கும் பகுதி கிடையாது. அதன் மரபணு கெட்டால் மூளையைத் தாக்கும் லே நோய்க்குறி, பார்வை நரம்புச் சிதைவு. மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் 13 புரதங்களும் ஆக்சிஜனேற்ற பாஸ்பேட்டேற்றத்துக்கே உரியவை. அடி நேராக ஆற்றல் உற்பத்தியில் விழுகிறது.

காக்ஸ்1 மரபணுவின் ஏஜிஏ, என்டி6 மரபணுவின் ஏஜிஜி முடிவுக்குறிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதே. அவற்றை எம்டிஆர்எஃப்1 என்ற விடுவிப்புப் புரதம் படிக்கிறது என்று 2023-இல் காட்டிவிட்டார்கள்.

ரைபோசோம்கள் எம்ஆர்என்ஏவில் எங்கே நிற்கின்றன என்று பார்க்கும் உன் ரைபோசோம் தடப்பதிவு பற்றி ஒன்று. செல்லை உடைக்கும் முன் குளோராம்பெனிகால் மருந்தைச் சேர்க்காதே. புதிய சங்கிலியின் கடைசிக்கு முந்தைய இடத்தில் அலனின், செரின் அல்லது திரியோனின் இருந்தால் அந்த மருந்தே ரைபோசோமை நிறுத்துவது பாக்டீரியாவில் தெரிந்த விஷயம். அந்த உச்சங்களை நோயின் தேக்கம் என்று எண்ணிவிடுவாய். மருந்தில்லாமல் திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவை. கதிரியக்கக் கந்தகம் (35எஸ்) கொண்ட மெத்தியோனினை ஏற்றி, பிறகு சாதாரண மெத்தியோனினால் துரத்திப் பார்க்கப்போகிறாய் என்றால், சைட்டோபிளாசத்தின் புரத உற்பத்தியை நிறுத்த எமெட்டின் வேண்டாம், அதன் தடை கழுவினாலும் போகாது, அனிசோமைசின் வை.

யுயுஜி உச்சம் அப்போதும் நின்றால் படத்தை அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ரவி