மலையோரச் சுற்றுலாவில் பனை விளைகளுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் முனையில் சூரியோதயம் பார்க்கிறார்கள், பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றுகிறார்கள், திற்பரப்பில் குளிக்கிறார்கள், மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். இந்த இடங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் விளைகள் என்னும் தோட்ட நிலங்களில் யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. 'விளை' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இங்கே எத்தனை! அந்த விளைகளில் நின்ற பனைதான் கல்குளம், விளவங்கோடு பக்கத்து மக்களுக்கு உணவும் கூரையும் வேலியும் வருமானமுமாக இருந்தது. மலையோரச் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் பனையேற்றையும் கருப்பட்டி காய்ச்சுவதையும் அதன் நடுவில் வைக்க வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறோம்.

திராட்சை விளையும் மலைநாடுகளில் இந்த வேலை முன்பே நடந்திருக்கிறது. போர்ச்சுகலில் டோரோ ஆற்றின் இருபுறமும் உள்ள திராட்சைச் சரிவுகளுக்கு 1756-லேயே எல்லை வகுத்தார்கள். 2001-ல் அந்தப் பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள லவோ சரிவுகளை வீட்டுமனைகள் விழுங்கிவிடும் என்ற அச்சம் வந்தபோது, 1977-ல் வோ மாநில மக்கள் வாக்களித்து அதன் பாதுகாப்பை மாநில அரசமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது 2007-ல்தான். சட்டம் முப்பது ஆண்டு முந்தியது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் இத்தாலியின் பான்டெல்லேரியா தீவு. ஓயாமல் காற்றடிக்கும் எரிமலைத் தீவு அது. அங்கே ஒவ்வொரு கொடியையும் சிறு குழிக்குள் நட்டு, குட்டைச் செடியாக வெட்டி வளர்க்கிறார்கள். கவாத்து முதல் அறுவடை வரை எல்லாம் கைவேலை. 2014-ல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது அந்தத் தோட்டத்தை அல்ல, அந்தப் பயிர்செய்யும் முறையை. ஓர் உழவுத் தொழில்முறையே மனிதகுலத்தின் மரபாக ஏற்கப்பட்டிருக்கிறது என்றால், பனையேற்றை மட்டும் 'பிழைப்புக்கு வழியில்லாதவர்கள் செய்யும் வேலை' என்று ஏன் ஒதுக்கிவைக்க வேண்டும்?

ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே புளிக்கவைப்பதுதான் கலை. இங்கே புளிக்காமல் காப்பதுதான் கலை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. நாங்கள் பேசுவது மற்ற ஊர்களில் பதனீர் என்றும் நம்மூரில் அக்கானி என்றும் சொல்லும் இனிப்பு நீரைப் பற்றி.

அக்கானி என்பது மரத்தில் கலயத்தைக் கட்டிவிட்டு இறக்கிக் குடிக்கிற பொருள் அல்ல. பனை பாளை என்னும் பூங்குலை விட்டதும் காய்ந்த மட்டைகளையும் பன்னாடையையும் கழித்துவிட்டு, பாளைகளைச் சேர்த்துக் கட்டி, கடிப்பு என்னும் மர இடுக்கியால் நாள்தோறும் பக்குவமாக இடுக்கிக்கொடுக்க வேண்டும். ஆண்பனைப் பாளைக்கு ஒரு கடிப்பு, பெண்பனைப் பாளைக்கு வேறு கடிப்பு. அழுத்தம் கூடினால் பாளை கருகிவிடும். குறைந்தால் நீர் ஊறாது. நீர் கண்டபிறகு காலையும் மாலையும் நுனியை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். ஓரிரு நாள் விட்டுவிட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும், திரும்ப நீர் வரவைக்கப் பல நாள் பாடுபட வேண்டும். பனையேறி காய்ச்சலோடும் மரத்தடிக்கு வருவது இதனால்தான்.

புளிக்காமல் காப்பது சுண்ணாம்பு. கலயத்தைக் கழுவிக் காயவைத்து, உட்புறம் முழுவதும் சுண்ணாம்பை மெல்லியதாகத் தடவி, ஒவ்வொரு முறை கலயம் மாற்றும்போதும் புதிதாகத் தடவ வேண்டும். குறைந்தால் கலயத்திலேயே புளிக்கத் தொடங்கும். அந்த நீரைக் காய்ச்சினால் கருப்பட்டி கட்டாது, இளகிக் கையில் ஒட்டும். புளிப்பு சர்க்கரையை உடைத்துவிடுவதே காரணம். சுண்ணாம்பு கூடினால் நிறம் கறுத்து நாக்கில் காரும். குடிப்பதற்கான அக்கானியைத் தெளியவைத்து வடிகட்டி, வெயில் ஏறும் முன்னே குடித்துவிட வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாலையோரத்தில் பிளாஸ்டிக் குடத்தில் விற்பதைக் குடித்துவிட்டு 'அக்கானி இவ்வளவுதானா' என்று கேட்கிறவர்கள் அக்கானியைக் குடித்ததே இல்லை. காலையில் இறக்கியதை ஓலைப்பட்டையில் ஊற்றி, பச்சை மாங்காயை நறுக்கிப் போட்டுக் குடித்துப் பார்க்கட்டும்.

கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில் நடப்பது இன்னும் நுட்பம். வடிகட்டிய அக்கானியை அகன்ற பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். காய்ந்த மட்டையும் ஓலையும்தான் விறகு. நுரை பொங்கி வழியவரும்போது நசுக்கிய ஆமணக்கு முத்து கொஞ்சம் போட்டால் அடங்கும். நீர் வற்றிப் பாகு திரண்டதும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார்கள். கரைந்தால் தீ வேண்டும். உருண்டு நின்றால் இறக்க வேண்டும். இந்த இடத்தில் சில நிமிடம் தவறினால் ஒரு நாள் உழைப்பு கருகிக் கசந்துவிடும். இறக்கித் துடுப்பால் கிண்டி, பாகு மங்கி மணல் பதம் வந்ததும் நனைத்த சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். 1 கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் அக்கானி வேண்டும். விலை ஏன் கூடுதல் என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரை கலந்த கருப்பட்டி மலிவாகக் கிடைப்பதும் இதனால்தான். உடைத்துப் பார்த்தால் கலப்படம் உள்ளே பளபளக்கும், கலப்பில்லாதது மங்கலாக இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கசியும் என்பதால் அடுப்புக்கு மேலே பரணில் புகைபடும்படி அடுக்குவது நம் வீடுகளின் வழக்கம். திருக்கார்த்திகைக்கு அவிக்கும் ஓலைக்கொழுக்கட்டையில் அந்தப் புகைவாசமும் சேர்ந்தே இருக்கும்.

இந்த மரபைச் சொல்லும்போது இனிப்பை மட்டும் சொல்வது நேர்மையாகாது. திருவிதாங்கூர் ஆட்சியில் பனையேறும் ஏணிக்கும் காலில் போடும் தளைக்கும் வரி வாங்கினார்கள்: ஏணிக்காணம், தளைக்காணம். பனையேறும் குடும்பத்துப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நீண்ட காலம் போராடி, 1859-ல்தான் அரசின் அறிவிப்பு வந்தது. அய்யா வைகுண்டர் சாமிதோப்பில் எழுப்பிய குரல் இந்த வரிகளையும் இழிவுகளையும் எதிர்த்த குரல். பனையேறியின் கருவிகளான முருக்குத்தடியையும் அரிவாள்பெட்டியையும் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுவதானால் இந்த வரலாற்றையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். அரண்மனையைக் கட்டியவர்களின் பெருமை ஏற்கெனவே போதுமான அளவு சொல்லப்படுகிறது. பழைய கட்டடங்களின் சுண்ணாம்புக் காரையில் கருப்பட்டியும் கடுக்காயும் ஊறிய நீரைச் சேர்த்தார்கள் என்பதை அங்கே வரும் எத்தனை பேர் அறிவார்கள்?

சுற்றுலாவாகச் செய்யும்போது எங்கே தவறும் என்பதையும் சொல்கிறோம். ஒரு மரத்தடிக்குப் பத்துப் பேருக்கு மேல் போகக்கூடாது. போவதும் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில்தான். படம் சரியாக விழவில்லை என்று பனையேறியை மறுபடி ஏறச்சொல்லக் கூடாது. ஒரு நாளில் அவர் ஏற வேண்டிய மரங்கள் பல, கால் தளர்ந்தால் பிடி நழுவும். மழை பெய்த அன்று மரம் வழுக்கும். அன்றைக்கு ஏற்றம் இல்லை என்று முன்பதிவிலேயே எழுதிவிட வேண்டும். பணம் அன்பளிப்பாக அல்லாமல் நிர்ணயித்த கூலியாக, விடிலியில் வேலை செய்யும் பெண்களுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். காய்ச்சுகிற வேலையில் பெரும்பங்கு அவர்களுடையது. பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இல்லாத யாரையும் சுற்றுலாவுக்காக மரத்தில் ஏற்றக்கூடாது. முதலில் பதிவுசெய்து கொடுங்கள்.

வழித்தடம் புதிதாக வெட்ட வேண்டியதில்லை. கருங்கல், திக்கணங்கோடு பக்கத்து விளை ஒன்றில் காலை அக்கானியும் விடிலியும். பிறகு வெயில் கடுமையாகும் முன் சிதறால் மலைச் சமணப் படுக்கைகள். பிற்பகலில் பத்மநாபபுரம், திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். போகிற வழியில் சரிவு நிலங்களில் மண் அரிக்காமல் தாங்கும் கல்சுவர்களான கையாலைகளையும் காட்டலாம். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்மேல் கல் அடுக்கும் அதே கைத்திறன்தான் திராட்சை மலைகளின் சுவர்களைத் தாங்குகிறது. எட்டு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 2018-ல் அதற்கு யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றன. நம்மூரில் கையாலை இடிந்தால் சிமெண்ட் பூசிவிடுகிறோம். நீர் கசிய வழியில்லாமல் மழையில் அது வயிறு தள்ளிச் சரிகிறது.

எல்லாவற்றுக்கும் முன் மரம் வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் மாநில அரசு அறிவித்தது. ஆனாலும் ரப்பருக்கும் வீட்டுமனைக்கும் பனை விழுவது நிற்கவில்லை. இன்று நட்ட விதை பாளை விட 15 முதல் 20 ஆண்டு ஆகும் என்பதால், நிற்கிற மரத்தைக் காப்பது மட்டுமே இந்தத் தலைமுறையின் கையில் இருக்கிறது. லவோவில் செய்ததுபோல, குறிப்பிட்ட சில விளைகளையாவது வரைபடத்தில் குறித்து, அவற்றை மனையாக மாற்ற முடியாதபடி மாவட்ட நிர்வாகம் காக்க வேண்டும். உடன்குடி பனங்கருப்பட்டி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. குமரியின் கிராம்பும் மட்டி வாழையும் பெற்றுவிட்டன. நம் கருப்பட்டிக்கும் விண்ணப்பத்தைத் தயாரிக்கலாம்.

மாசியில் அக்கானி வர வேண்டுமானால் தையிலேயே மரம் கழிக்கும் வேலை தொடங்க வேண்டும். எந்த விளை, எத்தனை மரம், என்ன கூலி என்பதைச் சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகமும் திருக்கார்த்திகைக்குள் பனையேறிகளை அழைத்துப் பேசி முடிவுசெய்ய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கல்குளம், விளவங்கோடு வட்டங்களைச் சேர்ந்த பனைத் தொழிலாளர்களும் வாசகர்களும்
கன்னியாகுமரி மாவட்டம்