ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் போதும்

மஞ்சக்குப்பம், கடலூர்
புரட்டாசி மூன்றாம் சனி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் கூட வைத்திருந்த வரைபடமும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. நாம் ஐந்து பேரும் குடும்பத்தோடு, காருக்குப் பின்னால் கண்ணீர்த்துளி வடிவச் சின்னப் படுக்கை டிரெய்லரை மாட்டி இழுத்துக்கொண்டு போகப்போகிற பயணத்துக்கு, கடலூரிலிருந்து கன்னியாகுமரிக்கு இரண்டே நாள், நடுவில் ராமநாதபுரத்தில் ஒரு ராத்திரி என்று சிவப்பு மையில் கோடு இழுத்திருக்கிறாய். அந்த வரைபடம் அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது. உன் தங்கச்சி சோறு போட வரும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்ப்பாள். நேற்று ராத்திரிதான் வாய் திறந்து கேட்டாள்: "இதுல எந்த ஊர்ல இறங்கி எதைப் பாக்கறது?" எனக்கும் அதே கேள்விதான். போனில் பேசினால் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு செய்தி. நம்ம விருத்தாசலத்தானுக்கு ஆனி மாசம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றான். ஆனால் ஒன்றாகக் கிளம்பப் போகிற நேரத்தில் உனக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை. இப்போது நன்றாக இருக்கிறான். காலையில் சில்வர் பீச்சுக்கு வந்தால் என்னோடு ஒரு மணி நேரம் நடக்கிறான். டாக்டர் கார் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக்கூடாது என்பது மட்டும்தான் கண்டிப்பு. நம் ஐந்து பேரில் டிரெய்லரை முதலில் வாங்கியது அவன்தான், ஞாபகம் இருக்கிறதா? அவன் இல்லாமல் இந்தப் பயணம் கிடையாது. அவனுக்கு எது தாங்குமோ அதுதான் நம் ஐந்து வண்டிக்கும் கணக்கு.

கல்லூரியில் படிக்கும்போது வாடகை சைக்கிளில் பிச்சாவரம் போனோமே, பரங்கிப்பேட்டை பக்கம் பண்ருட்டி பாய் சைக்கிள் பஞ்சராகி, ஒட்டுப் போடும் கடை திறக்கும்வரை நாலு பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு நேரம் போச்சு என்று யாரும் முணுமுணுக்கவில்லை. இந்தப் பயணமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் நானும் உன் தங்கச்சியும் தரங்கம்பாடிவரை ஒரு சோதனை ஓட்டம் போய்வந்தோம். சிதம்பரம் தாண்டியதும் சாலை அகலமாக, காலியாக இருந்தது. என்னையறியாமல் எழுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஆம்னி பஸ் ஒன்று சர்ரென்று கடந்தது. அந்தக் காற்றில் டிரெய்லரின் வால் ஒரு வெட்டு வெட்டியது. அப்புறம் நிற்கவே இல்லை. காரின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுவதுபோல் இருந்தது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிது. கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. நல்லவேளை, போன மாதம்தான் பாய் சொல்லியிருந்தார்: பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் காரைத் தள்ளிக்கொண்டு குறுக்கே மடங்கிவிடும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, எதிர்ப்பக்கம் ஒடித்துச் சரிசெய்யப் பார்க்காதே என்று. அப்படியே செய்தேன். ஐம்பதுக்கு வந்ததும் ஆட்டம் அடங்கியது. கொள்ளிடம் பாலத்துக்கு முன்னால் ஓரங்கட்டி நிறுத்தினேன். உன் தங்கச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணி பாட்டிலை எடுத்து நீட்டினாள், அவள் கை நடுங்கியது.

காரணம் என்ன தெரியுமா? தண்ணி கேன். டிரெய்லரின் பின்கதவைத் தூக்கினால் அடுப்பு மேடை வருகிறதல்லவா, சமையலுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அதற்கு அடியில் 20 லிட்டர் கேன் மூன்றை அடுக்கியிருந்தேன். மொத்தம் 60 கிலோ, எல்லாம் சக்கரத்துக்குப் பின்னால். கிணற்று ஏற்றத்தில் ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் எழும்புகிற மாதிரி, வால் கனத்து, காரின் கொக்கியில் உட்காரும் மூக்கு லேசாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அதே சாமான்களோடு அளந்து பார்த்தேன். செங்கல் அடுக்கி அதன்மேல் மகள் எடை பார்க்கும் மெஷினை வைத்து, டிரெய்லரின் மூக்கை அதில் இறக்கினேன். மொத்தம் 480 கிலோ வண்டி, மூக்கில் இருந்தது 20 கிலோ. மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டு கேனை எடுத்து முன்பக்கப் படுக்கைக்கு அடியில் மாற்றி வைத்தேன். முள் 50-க்கு வந்து நின்றது. அடுத்த வாரம் அதே சாலையில் அறுபதில் போய்வந்தேன். ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

இதை இவ்வளவு விலாவாரியாக எழுதுவதற்குக் காரணம், நீ உன் டிரெய்லரின் பின்னால் ஸ்டெப்னியும், ஐந்து கிலோ சிலிண்டரும், பேட்டரியும் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அளந்து பார். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதே.

பின்னால் எடுப்பதற்கும் பழகிக்கொள். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் டிரைவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குக் கற்றுக்கொடுத்தார். "ஸ்டியரிங்கை மேல பிடிக்காதீங்கண்ணே, அடியில பிடிங்க. பொட்டி எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகத்துங்க" என்றார். அவ்வளவுதான். அதுவரை இரண்டு மணி நேரமாக நான் திணறிக்கொண்டிருந்தது பத்து நிமிஷத்தில் பிடிபட்டது. நம்முடையது குட்டை டிரெய்லர் என்பதால் சட்டென்று மடங்கும். அங்குலம் அங்குலமாகத்தான் நகர்த்த வேண்டும். அமெரிக்காவில் 1930களிலேயே இந்தக் கண்ணீர்த்துளி வடிவம் வந்துவிட்டதாம். இரண்டு பேர் படுக்க ஒரு பெட்டி, பின்னால் ஒரு அடுப்படி என்பது அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. மாறாதது நல்லதுதான். சின்ன கார் இழுக்கிற அளவிலேயே இருப்பதால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு இது கைகூடியிருக்கிறது.

வழிக்கு வருகிறேன். கடற்கரையை விட்டு விலகாமல் போவோம். முதல் ராத்திரி தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு எதிரே விடியற்காலையில் கடல் எப்படி இருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. நீயே வந்து பார். மறுநாள் காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி வழியாக வேதாரண்யம். அங்கே இரண்டு ராத்திரி தங்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். கோடியக்கரையில் மாசி வரைக்கும் பூநாரைகள் இருக்கும். வெளிமான் கூட்டத்தையும் பார்க்கலாம். சரணாலயத்துக்குள் தங்க வேண்டாம், டிரெய்லரை ஊரிலேயே விட்டுவிட்டுக் காரில் போய்வருவோம். 1930-இல் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து இந்த ஊருக்கு 15 நாள் நடந்து வந்தார்கள். உன் கோட்டின்படி நாம் வேதாரண்யம் பக்கமே திரும்பாமல் போய்விடுவோம்.

அப்புறம் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மனோரா. இரண்டாம் சரபோஜி 1814-இல் எழுப்பிய அந்த எட்டடுக்குக் கோபுரத்தடியில் மத்தியானச் சாப்பாடு. அன்றைக்குப் புளிசாதம் பாய் வீட்டுப் பொறுப்பு. அக்கா செய்கிற கைப்பக்குவம் உனக்குத் தெரியும். தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமேஸ்வரம். பாம்பன் பாலத்தில் மட்டும் எச்சரிக்கையாக இரு. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பக்கவாட்டில் கடல்காற்று அடிக்கும், நம் டிரெய்லர் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். நாற்பதுக்கு மேல் வேண்டாம். 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்க எல்லாரும் நடுப்பாலத்தில் நிறுத்துகிறார்கள். நாம் ஐந்து டிரெய்லரோடு அதைச் செய்யக்கூடாது. தனுஷ்கோடிக்குக் காரில் மட்டும் போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். 1964 டிசம்பர் புயல் ரயிலோடு கொண்டுபோன ஊர் அது. இடிந்த தேவாலயத்தின் பக்கத்தில் நின்றால் நமக்கு 2004 டிசம்பர் 26 காலை தேவனாம்பட்டினத்தில் பார்த்ததெல்லாம் திரும்ப வரும். நான் அங்கே கொஞ்ச நேரம் தனியாக நிற்பேன், அதற்கும் நேரம் வை.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி நீளமான ஓட்டம். சாயல்குடியில் தங்கி உடைத்துக்கொள்ளலாம். பிறகு திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி. போகவே பத்து நாள் ஆகும். ஆகட்டுமே. தினமும் சாயங்காலம் நாலு மணிக்குள் வண்டியை நிறுத்திவிட வேண்டும். வெளிச்சத்தில் தரை பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம். தங்கும் இடத்தைத் தெரிந்தவர்கள் மூலம் முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். தோப்பு கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் தென்னை மரத்துக்கு நேர் கீழே போடக்கூடாது. காய் வேண்டாம், காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே கூரை ஒடுங்கிவிடும்.

சாலையில் விருத்தாசலத்தான் முதலில் போகட்டும், அவன் வேகம்தான் எல்லாருக்கும். நீ கடைசியில் வா. உனக்குத்தான் பேரிங், வயரிங் எல்லாம் அத்துப்படி. இரண்டு வண்டிக்கு நடுவில் ஒரு பஸ் நுழைந்து ஒதுங்குகிற இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்டே போனால் முந்த வருகிறவன் ஐந்து வண்டியையும் ஒரே மூச்சில் முந்தப் பார்ப்பான், அதுதான் ஆபத்து. கிளம்பி முப்பது, நாற்பது கிலோமீட்டரில் முதல் டீக்கடையில் நிறுத்தி வீல் நட்டை இறுக்கிப் பார்ப்போம், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்போம். கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கில் கிரீஸ் இல்லாமல் இருக்கலாம். நம் கடற்கரையில் உப்புக்காத்து வேறு, எல்லாவற்றையும் சீக்கிரம் தின்றுவிடும். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக்கூடாது. உன் பேரன் எவ்வளவு அழுதாலும் சரி.

என் தங்கச்சி கழிவறையைப் பற்றிக் கேட்டிருந்தாள் என்று எழுதியிருந்தாய். அது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நாம் ஆண்கள் ஐந்து பேரும் அதை யோசிக்கவே இல்லை என்பதில் எனக்கு வருத்தம். இங்கே பெண்கள் மூன்று பேரும் சேர்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள்: ஒரு மடக்குக் கழிவறையும் அதற்குக் கூடாரமும் எடுத்துக்கொள்வது, மூன்று நாளைக்கு ஒரு தடவை லாட்ஜில் இரண்டு அறை எடுத்துக் குளித்துத் துவைத்துக்கொள்வது. அதற்கான பணத்தைப் பொதுச்செலவில் சேர்த்தாகிவிட்டது. தங்கச்சியிடம் வேறு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது.

காகிதங்களும் முக்கியம். டிரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம்தான். தனிப் பதிவு எண், தனி இன்சூரன்ஸ். நெய்வேலியான் இன்னும் பதிவு செய்யாமல் வைத்திருக்கிறான். ஐப்பசிக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறேன், நீயும் ஒரு வார்த்தை சொல்.

தேதி மட்டும் பாக்கி. நீ கார்த்திகையில் போகலாம் என்கிறாய். வேண்டாம் மாப்பிள்ளை. 2011 டிசம்பர் 30-இல் அடித்த 'தானே' என்ற புயலில் எங்கள் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தது என் கண்ணை விட்டுப் போகவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சலும் புதுச்சேரிப் பக்கம்தான் கரையேறியது. மார்கழி கழியட்டும், பொங்கல் கழியட்டும். தைப்பூசத்தன்று வடலூரில் ஜோதி தரிசனம் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து இங்கிருந்து கிளம்புவோம். நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து பூசத்துக்கு முந்தின நாளே வந்துவிடுங்கள். வாசலில் இரண்டு டிரெய்லர் நிற்க இடம் இருக்கிறது.

உன் டிரெய்லரின் மொத்த எடை எவ்வளவு, மூக்கில் எவ்வளவு, இரண்டையும் அளந்து அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்