சேகருக்கு, எட்டு மாதம் கழித்து

அன்புள்ள சேகர்,

தப்பு என் மேல்தான். முரளி வீட்டு வரவேற்பில் மைக்கைக் கொண்டுவந்து உன் கையில் திணித்து, "கடைசி பஸ் பாட்டு, கடைசி பஸ் பாட்டு" என்று கத்தியவன் நான். நீ பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டாய் என்று மறுநாள்தான் சொன்னார்கள். எத்தனையோ தடவை போனை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். கடிதம் என்றால் நீ நடுவில் புகுந்து திட்ட முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. இவள் சோற்றை அளந்து போடுகிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை யாழினி அறையிலிருந்து கிட்டார் சத்தம். ஜி, பி, சி, அப்புறம் சி மைனர். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன் கத்தியும் கையுமாக எழுந்து போய் நின்றேன். ரேடியோஹெட் ராக் குழுவின் 'கிரீப்' பாட்டு! உன் துபாய் அத்தான் கொண்டுவந்த கேசட், நாடா சிக்கினால் பென்சில் விட்டுச் சுற்றியது, வார்டன் கதவைத் தட்டியது, எல்லாம் ஒரே நொடியில் வந்துவிட்டது. ஆனால் இவள் அதைத் தாலாட்டு மாதிரி வாசிக்கிறாள். பல்லவிக்கு முன்னால் கிட்டார் "க்ரக், க்ரக்" என்று உறுமுமே, அதைக் காணோம். எங்கே என்றால், "அது எதுக்குப்பா, கரடுமுரடா இருக்கு" என்கிறாள். உப்பில்லாத ரசம்!

அதிலிருந்து பிடித்தது பைத்தியம். ராத்திரி எல்லாம் அந்தப் பாட்டின் கதையைத்தான் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். குழுவின் பாடகர் தாம் யார்க் அதை எழுதியது எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில். 1992இல் ஆக்ஸ்போர்டுஷயரில் சிப்பிங் நார்ட்டன் ஸ்டுடியோவில் வேறு பாட்டுகளைப் பதிவு செய்யத்தான் போயிருக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் ஷான் ஸ்லேடும் பால் கோல்டரியும் அமெரிக்கர்கள். ஒத்திகையில் இதை வாசித்துவிட்டு யார்க், "இது எங்கள் ஸ்காட் வாக்கர் பாட்டு" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பழைய பாடகரின் பாணி என்ற அர்த்தத்தில். கேட்டவர்கள் அது வாக்கரின் பாட்டே என்று நம்பிவிட்டார்கள். இவர்களிடம் இருக்கிற நல்ல பாட்டு அடுத்தவருடையதாகப் போய்விட்டதே என்று வருத்தம் வேறு! எடுக்க வந்த பாட்டுகள் சரியாக வரவில்லை என்றதும், சும்மா இதை வாசியுங்களேன் என்றிருக்கிறார்கள். ஒரே டேக். முடிந்ததும் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்களாம்.

அந்த "க்ரக்" எப்படி வந்தது தெரியுமா? குழுவின் கிட்டார்காரர் ஜானி கிரீன்வுட்டுக்குப் பாட்டு பிடிக்கவில்லை. ரொம்ப அமைதியாக இருக்கிறதே என்ற எரிச்சலில், கெடுத்துவிட வேண்டுமென்றே தந்திகளை அறைந்திருக்கிறார். பாட்டுக்கு உயிர் வந்ததே அங்கேதான் என்று அதே குழுவின் எட் ஓ'பிரையன் சொல்கிறார். நம் கோஷ்டியிலும் கெடுக்க ஒருத்தன் இருந்தான். பிரான்சிஸ் கெடுத்தால் கெட்டதுதான், அது வேறு கதை.

அந்த நாலாவது கார்ட் இருக்கிறதே, சி மேஜர் சி மைனராவது, அங்கே ஒரே ஒரு ஸ்வரம்தான் அரைப்படி இறங்குகிறது. சி-யை ஸட்ஜமாக வைத்தால் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிறது. அவ்வளவுதான் மாற்றம், ஆனால் வயிற்றில் ஏதோ விழுகிறது. இதே போக்கு ஹாலிஸ் குழு 1974இல் பாடிய 'தி ஏர் தட் ஐ ப்ரீத்' பாட்டில் முன்பே இருக்கிறது. அதை எழுதிய ஆல்பர்ட் ஹாமண்டும் மைக் ஹேசில்வுட்டும் கேட்டபோது இவர்கள் ஒப்புக்கொண்டு பங்கு கொடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரின் பெயரும் இன்றைக்கும் பாட்டில் சேர்ந்தே வருகிறது.

முதலில் பாட்டு ஓடவே இல்லை. 1992 செப்டம்பரில் வெளிவந்து விற்றது ஆறாயிரம் பிரதிகள். தரவரிசையில் 78ஆம் இடம். பிபிசி ரேடியோ 1, ரொம்பச் சோகமாக இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டது. எங்கேயோ இஸ்ரேலில் ராணுவ வானொலியில் யோவ் குட்னர் என்பவர் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நிலையம். 1993இல் மறுபடி வெளியிட்டபோது பிரிட்டனில் 7ஆம் இடம்!

இனிமேல்தான் உனக்கான பகுதி. ஊர் ஊராக இதையே பாடச் சொல்லிக் கேட்டார்கள். மற்ற பாட்டுகளைச் சீந்த ஆளில்லை. வெறுத்துப்போய் 1994இல் 'மை அயர்ன் லங்' என்று ஒரு பாட்டு போட்டார்கள். போலியோ நோயாளியைப் படுக்க வைத்து மூச்சுவிட வைப்பார்களே, அந்த இரும்புப் பெட்டிதான் அயர்ன் லங். அதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது, அதை விட்டு வெளியேயும் வர முடியாது. 'கிரீப்' அவர்களுக்கு அப்படி ஆகிவிட்டதாம். அதைப் படித்ததும் கணினியை மூடிவிட்டேன். உன் கையில் மைக் இருந்தபோது உன் முகம் இருந்த விதம் நினைவுக்கு வந்தது. அந்தப் பாட்டுக்குப் பிறகு நீ எழுதிய முப்பதில் ஒன்றையாவது நான் கேட்டேனா? கேட்கவில்லை, சேகர். முரளியும் கேட்கவில்லை.

அப்புறம் வருஷக்கணக்கில் அவர்கள் மேடையில் அதைத் தொடாமலே இருந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வேடிக்கை. 2008இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் பாடகர் பிரின்ஸ் இதைப் பாடினார். பிறகு அந்த வீடியோக்களை இணையத்திலிருந்து எடுக்கவும் வைத்துவிட்டார். யார்க்குக்குத் தெரிந்ததும், "அது எங்கள் பாட்டு, தடையை எடுக்கச் சொல்லுங்கள்" என்றாராம். வெறுத்தாலும் தன் பிள்ளை இல்லையா! 2021இல் அவரே அதை இழுத்து, மெதுவாக்கி, ஒன்பது நிமிஷப் பாட்டாக வெளியிட்டார். யாழினிக்குப் போட்டுக் காட்டினேன். "பேட்டரி தீர்ந்த மாதிரி இருக்குப்பா" என்கிறாள்.

பொங்கலுக்கு இந்தப் பக்கம் வருவாயா? பாடச் சொல்ல மாட்டேன், சத்தியம். அந்த முப்பதில் எதையாவது நீயாக வாசித்தால் வாயை மூடிக்கொண்டு கேட்பேன். வரும்போது கிட்டார் தந்தி ஒரு செட் வாங்கி வா, இங்கே எல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. யாழினிக்கு அந்த "க்ரக்"கை எப்படி அடிப்பது என்று காட்ட வேண்டும். நான் காட்டினேன். தந்தி அறுந்துவிட்டது.

உன்,
ரவி